ஐம்பதாவது சுரங்கம்: மோடில் வராத அச்சீவ்மென்ட் பெடலில் வந்த கதை

போன ஞாயிறு ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் மெல்ல மேலே வந்தது. ‘டெல்வர்’ என்று எழுதியிருந்தது. ஐம்பது டன்ஜியன்களை, அதாவது எதிரிகள் பதுங்கிய குகை, சுரங்கங்களை, முழுசாக முடித்தவர்களுக்கு ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேம் தரும் அச்சீவ்மென்ட், சாதனைப் பட்டம், அது. தம்பி ஒன்றும் பேசவில்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் ஐந்து மாதம் அலைந்திருக்கிறோம். நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கையில் அடிபட்ட யாருக்காவது இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

எனக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ரிப்பேர் கடை. மிக்சி, இன்வெர்ட்டர், மைக்ரோவேவ், எது வந்தாலும் பார்ப்பேன். தம்பிக்குச் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை. அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு வெள்ளி வேலைதான். 2023 ஆகஸ்டில் கம்பி மிஷின் உருளைக்கு நடுவே அவன் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாட்டிக்கொண்டன. விரல் போகவில்லை, காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது. மடக்கி அழுத்திப் பிடித்தால் மூன்றாவது நொடியில் நடுக்கம் வந்துவிடும்.

பட்டறைக்குப் போக முடியாத அந்த மாதங்களில் அவனுக்கு இருந்த ஒரே போக்கு என் பழைய கம்ப்யூட்டர். ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், செகண்ட்ஹேண்டில் வாங்கிய 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. அதில் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் நன்றாகவே ஓடும். அடிபடுவதற்கு முன்பே 31 டன்ஜியன் முடித்து வைத்திருந்தான். முழுக்க வில்லும் அம்பும்தான். வாளெடுத்து முன்னால் போய் நிற்பது அவனுக்குப் பிடிக்காது.

வில்லில்தான் சிக்கலே. அந்த கேமில் மவுசின் இடது பட்டனை அழுத்திப் பிடித்தால் நாண் இழுபடும், விட்டால் அம்பு போகும். குறி பார்த்து முடிக்கும்வரை பட்டன் அழுந்தியே இருக்க வேண்டும். மடங்காத விரலுக்கு அந்த மூன்று நான்கு நொடிகள் பெரிய தண்டனை.

முதலில் மவுசை இடது கைக்கு மாற்றிப் பார்த்தோம். பத்து நாள் முயன்றான். நடப்பதற்கான நான்கு கீகளையும் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மணிக்கட்டு வீங்கியது. கை பார்க்கும் டாக்டர் திட்டினார். விட்டுவிட்டோம். அடுத்து மோதிர விரலால் கிளிக் செய்து பார்த்தான். பக்கத்து விரலும் சேர்ந்து இழுபட்டு வலித்தது. அதுவும் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு சின்ன வேலை ஒரே நாளில் முடிந்தது. கையைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்து உட்கார வேண்டியிருந்ததால் கம்ப்யூட்டரை டிவியில் இணைத்திருந்தோம். எட்டடி தூரத்திலிருந்து எழுத்துகள் படிக்க வரவில்லை. கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் இன்டர்ஃபேஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. எழுத்துருவுக்கும் சப்டைட்டிலுக்கும் வேறு கோப்புகளைக் கொண்டுவந்து அதில் போட்டேன். எழுத்து பெரிசானது. அதன் பிறகும் அச்சீவ்மென்ட் வந்துகொண்டிருந்தது. அப்போது இதை நான் கவனிக்கவே இல்லை. பின்னால்தான் இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது.

வில்லுக்கு நானே ஒரு மோட், அதாவது கேமை மாற்றியமைக்கும் கோப்பு, எழுதலாம் என்று செப்டம்பர் கடைசியில் உட்கார்ந்தேன். மோட் செய்ய கேம் நிறுவனமே கொடுக்கும் கிரியேஷன் கிட், அதோடு எஸ்கேஎஸ்இ என்கிற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், இரண்டும் இலவசம். எக்ஸ்டெண்டரில் ஒரு கீயை அழுத்திப் பிடிக்க ஒரு கட்டளை, விடுவிக்க ஒரு கட்டளை இருக்கின்றன. தாக்கும் பட்டனை மவுசிலிருந்து கீபோர்டின் ஹெச் கீக்கு மாற்றினேன், அதன் எண் 35. இடது கைக் கட்டைவிரலுக்கு எட்டுகிற வி கீயைச் சாவியாக வைத்துக்கொண்டேன், அதன் எண் 47. வி-யை ஒருமுறை தட்டினால் 35 அழுந்தி நிற்கும், மறுபடி தட்டினால் விடும். மொத்தம் 22 வரி. அந்த ஸ்கிரிப்டை கேமுக்குள் தொங்கவிட ஒரு கொக்கி வேண்டும். வெறும் குவெஸ்ட் (கேமுக்குள் தரப்படும் பணி) ஒன்றை உருவாக்கி, இஎஸ்பி என்று முடியும் பிளக்-இன் கோப்பாகச் சேமித்தேன்.

அதற்கும் மூன்று ராத்திரி போனது. முதல் நாள் மெனு திறந்திருக்கும்போது வி தட்டினால்கூட ஹெச் அழுந்தி நின்றது, மெனுவை மூடியதும் எதிரில் நின்ற கடைக்காரர்மேல் அம்பு பாய்ந்தது. மெனு திறந்திருந்தால் எதுவும் செய்யாதே என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாம் நாள், சேவ் கோப்பை, அதாவது விளையாட்டை நிறுத்திய இடத்தைச் சேமித்த கோப்பை, லோடு செய்த பிறகு கீ பதிவு மறந்துபோனது. அதற்கு இன்னொரு வரி. மூன்றாம் நாள் தம்பி முதன்முறையாக எட்டடி தூரத்தில் சாய்ந்தபடியே ஒரு அம்பு விட்டான். அது குறி தவறியது. அடுத்ததும் தவறியது. நாலாவது பட்டது. குறி பார்ப்பது முழுக்க அவன் வேலை, உள்ளங்கையால் மவுசை நகர்த்தி அவனேதான் பார்க்கிறான். என் 22 வரி செய்தது அந்த மூன்று நொடி விரலுக்குப் பதில் நிற்பது மட்டும்தான். இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

நவம்பர் கடைசி வாரம். நான் கடையை மூடிவிட்டு வரும்போது வாசலிலேயே நின்றிருந்தான்.

“ண்ணா, அம்பது ஆயிருச்சு. ஆனா ஒண்ணுமே வரலை.”

புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து காட்டினான். முடித்த டன்ஜியன்கள் 50 என்று தெளிவாக இருந்தது. வரைபடத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் முடிந்தது என்ற அடையாளம் இருந்தது. கேமை வாங்கி ஓட்டும், அச்சீவ்மென்ட் கணக்கு வைக்கும் ஸ்டீமில் மட்டும் ஒன்றுமில்லை. நெட் போயிருக்கும் என்று நினைத்தேன், ரூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்டீமை மறுபடி நிறுவினேன். கேம் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னேன், அதிலும் பலனில்லை. இரண்டு நாள் வீண். கடைசியில் சேவ் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அக்டோபருக்குப் பிந்திய சேவ் எல்லாவற்றிலும் மோட் போட்டது என்பதற்கான எம் குறி இருந்தது.

2011-ல் வந்த முதல் ஸ்கைரிமில் இந்தப் பூட்டு கிடையாது. எத்தனை மோட் போட்டாலும் அச்சீவ்மென்ட் வரும். 2015-ன் ஃபால்அவுட் 4-லும் 2016-ல் வந்த ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனிலும்தான் மோட் இருந்தால் அச்சீவ்மென்ட் இல்லை என்று ஆக்கினார்கள். சரி, மோடைக் கழற்றிவிட்டு அதே சேவில் இன்னும் ஒரு டன்ஜியன் முடிக்கலாமே என்று பார்த்தோம். 51 ஆனது, வரவில்லை. குறி சேவிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

எதை வைத்துப் பூட்டுகிறார்கள் என்று பார்க்க, என் கணக்கில் தனியாக ஒரு புது கேம் தொடங்கிச் சோதித்தேன். இந்தச் சோதனைதான் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது. முதலில் எழுத்துருக் கோப்பை மட்டும் போட்டேன். அச்சீவ்மென்ட் வந்தது. பிளக்-இன் இல்லாமல் வெறும் கோப்பை மாற்றினால் கேம் கண்டுகொள்வதில்லை. அடுத்து, உள்ளே எதுவுமே இல்லாத காலி இஎஸ்பி ஒன்றைச் செய்து போட்டேன். ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட இல்லை, ஒரு பொருள் இல்லை. அச்சீவ்மென்ட் நின்றுபோனது. மூன்றாவதாக எல்லா மோடையும் எடுத்துவிட்டு, எஸ்கேப் கீக்குக் கீழே இருக்கும் கீயைத் தட்டி, கேமுக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் கன்சோலைத் திறந்தேன். ஒரே வரியில் ஒரு லட்சம் தங்கக் காசு சேர்த்தேன். ஒரு கடைக்காரரிடம் பழைய வாளொன்றை விற்றதும், ஒரு லட்சம் காசு வைத்திருந்தால் கிடைக்கும் ‘கோல்டன் டச்’ கையில் வந்து விழுந்தது.

ஒரே வரியில் லட்சம் காசு சேர்த்தால் பரவாயில்லை. அடிபட்ட விரலுக்கு மூன்று நொடி ஓய்வு கொடுத்தால் கூடாது. காவல்காரன் பார்ப்பது கோப்பின் கடைசி மூன்றெழுத்தைத்தான். அந்தக் கோப்பு விளையாட்டில் என்ன செய்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. இன்னொன்றும் உண்டு. 2017-ல் அதே நிறுவனம் தொடங்கிய கிரியேஷன் கிளப்பில் காசு கொடுத்துக் கவசமோ வீடோ வாங்கிப் போட்டவர்களுக்கு அச்சீவ்மென்ட் பூட்டப்படவில்லை. அவர்கள் விற்பது கேமை மாற்றினாலும் அது மோட் ஆகாது, நான் எழுதிய 22 வரி மட்டும் மோட்.

டிசம்பர் முதல் வாரம், இதற்கென்றே இருக்கும் பிளக்-இன் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மோட் இருந்தாலும் அச்சீவ்மென்ட் வரவைக்கும் டிஎல்எல் கோப்பு அது, எஸ்கேஎஸ்இ வழியாக ஓடும். நல்ல நாளாகப் பார்த்து உட்காரவில்லை போலிருக்கிறது. டிசம்பர் 5 அன்று கேமுக்குப் பெரிய அப்டேட் வந்து 1.6.640 என்றிருந்தது 1.6.1130 ஆகிவிட்டது. எக்ஸ்டெண்டர் பழைய பதிப்புக்கானது. அதை நம்பி நின்ற டிஎல்எல்லும் நின்றது, என் ஸ்கிரிப்டும் நின்றது. வில் மறுபடி விரலுக்கே வந்தது. புதிய எக்ஸ்டெண்டர் வரும்வரை காத்திருந்து, கேமை நான் திறந்தால் மட்டும் அப்டேட் செய் என்று ஸ்டீமில் மாற்றி, எக்ஸ்டெண்டரின் லோடர் வழியாகவே திறக்கும்படி ஷார்ட்கட் செய்து வைத்தேன். இந்த மாற்றத்தை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மோட் போட்ட கேம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாமல் தூங்கப் போகாதீர்கள்.

எல்லாம் சரியானதும் தம்பிதான் வேண்டாமென்றான்.

“பூட்டுக்கு மாத்துச் சாவி போட்டுத் தொறந்த மாதிரி இருக்குங்ண்ணா. நான் திருடலை. எதுக்குத் திருடன் வழியில போகணும்?”

அவனிடம் வாதாடிப் பார்த்தேன். ஸ்டீமில் இருக்கிற எந்த அச்சீவ்மென்டையும் கேமைத் திறக்காமலேயே வாங்கித் தரும் சின்ன மென்பொருள்கள் பல வருஷமாக இருக்கின்றன, ஏமாற்ற நினைக்கிறவன் இத்தனை சிரமப்பட மாட்டான், இந்தப் பூட்டு தடுப்பது ஏமாற்றாதவனை மட்டும்தான் என்றேன். தலையாட்டினான். ஆனாலும் வேண்டாம் என்றான். அது அவன் கௌரவம். அதில் நான் கை வைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி கடை மூலையில் கிடந்த பழைய மைக்ரோவேவைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. மைக்ரோவேவ் கதவுக்குள் மைக்ரோ ஸ்விட்ச் மூன்று இருக்கும். கதவு மூடினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அவைதான். லட்சக்கணக்கான தடவை அழுத்தினாலும் தாங்கும் சரக்கு. மோட் செய்யும் வேலையை கேமுக்கு வெளியே, காலால் மிதிக்கும் ஒரு பெடலாக, மரத்திலும் கம்பியிலும் செய்தால் என்ன? கேமுக்குத் தெரிவது ஹெச் கீ அழுந்தியது, ஹெச் கீ விட்டது என்பது மட்டும்தானே.

நாமே ப்ரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய, ஆர்டுயினோ வகைப் புரோ மைக்ரோ என்ற சின்ன போர்டு ஒன்று வரவழைத்தேன், 640 ரூபாய். அதிலிருக்கும் 32யூ4 சிப் யுஎஸ்பியில் செருகினால் தன்னைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்ளும். ஆர்டுயினோ மென்பொருளில் போர்டு பெயராக லியோனார்டோ என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்விட்சின் ஒரு கால் இரண்டாம் பின்னுக்கு, இன்னொரு கால் கிரவுண்டுக்கு. சாலிடர் நானூறு டிகிரியில் வேண்டாம், 330 போதும், இந்த போர்டின் செம்புப் பட்டைகள் சீக்கிரம் கிளம்பி வந்துவிடும்.

முதல் தப்பு உடனே நடந்தது. ஸ்விட்ச் மிதிபடாதபோது பின்னை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் உள் புல்-அப் ரெசிஸ்டரைப் போடச் சொல்லும் வரியை விட்டுவிட்டேன். அந்தப் பின் அந்தரத்தில் தொங்கியது. போர்டைச் செருகினதும் திறந்திருந்த எல்லா விண்டோவிலும் ஹெச் ஹெச் ஹெச் என்று ஓட ஆரம்பித்தது. புது ப்ரோகிராம் ஏற்றக்கூட விடவில்லை. ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு கம்பித் துண்டால் அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால் எட்டு நொடி அமைதியாக இருக்கும், அதற்குள் ஏற்றிவிட வேண்டும். மூன்றாவது முயற்சியில் ஏறியது.

இரண்டாவது தப்பு, ஸ்விட்ச் துள்ளல். உலோகம் உலோகத்தில் படும்போது சில மில்லிசெகண்டுக்கு விட்டு விட்டுத் தொடும். ஒரு மிதி இரண்டு மூன்று மிதியாகக் கணக்காகும். என் ப்ரோகிராமில் முதல் மிதிக்குப் பிடி, இரண்டாம் மிதிக்கு விடு. ஆக, நாண் இழுத்த மறுகணமே அம்பு போனது. ஐந்து மில்லிசெகண்ட் பொறுத்திரு என்று போட்டேன், போதவில்லை. பதினைந்தில் பத்துக்கு ஒன்று தப்பியது. முப்பதில் நின்றது. இருநூறு முறை மிதித்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை.

மூன்றாவது தப்புதான் காசு செலவானது. போர்டின் மைக்ரோ யுஎஸ்பி வாய் போர்டின்மேல் சாலிடரில் மட்டும் ஒட்டி நிற்கிறது. தம்பி சாப்பிட எழுந்தபோது வயர் காலில் சிக்கியது. வாய் செம்புப் பட்டையோடு பெயர்ந்து வந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்து ஒட்டப் பார்த்தேன், இரண்டு டேட்டா கோடும் அறுந்திருந்தன. இன்னொரு 640 ரூபாய். இரண்டாவது போர்டின் வாயைச் சுற்றி எபாக்சி பசை ஊற்றினேன், வயரைப் பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி டை கட்டி வெளியே எடுத்தேன். இப்போது வயரைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கலாம்.

மரவேலைக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிக நாள் ஆனது, இதில்தான் எனக்கு அதிக ஆசையும். பழைய கட்டிலின் வேப்பம்பலகையில் 28 சென்டிமீட்டர் நீளம், 11 அகலம் வெட்டினேன். முதல் பெடலைத் தையல் மிஷின்போல நடுவில் அச்சு வைத்துச் செய்தேன். அம்மா பார்த்துவிட்டு, “இதுல ரவிக்கை தைக்கலாமாடா?” என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. நடு அச்சில் கால் முன்னும் பின்னும் ஆடியது, ஓய்வாக வைத்தாலே மிதிபட்டது. அச்சைக் குதிகாலுக்குக் கீழே கொண்டுபோனேன். குதிகாலுக்குக் கீழே அசையாத ஒரு திண்டு, விரல் பக்கம் மட்டும் எட்டு மில்லிமீட்டர் இறங்கும் பலகை. சாய்வு 12 டிகிரி.

ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை அளக்க, தம்பி பட்டறையிலிருந்து வெள்ளி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை ஒரு நாள் இரவலாகக் கொண்டுவந்தான். பெடலைத் தராசுமேல் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ‘டிக்’ கேட்கும்வரை விரலால் மெல்ல அழுத்தி எண்ணைப் படிப்போம். முதல் ஸ்பிரிங் கதவுக்குப் போடுவது, 1,800 கிராம் கேட்டது. அரை மணி விளையாடியதும் தம்பிக்குக் கணுக்கால் கடுத்தது. அடுத்தது டார்ச் லைட்டின் ஸ்பிரிங், 420 கிராம். கால் சும்மா இருந்தாலே அம்பு போனது. இரண்டு டார்ச் ஸ்பிரிங்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது 870. அதில் நிறுத்தினோம். தராசின் பச்சை எண்கள் 850, 860 என்று ஏறி ஏறி ‘டிக்’ வரும் இடத்தைத் தம்பி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அடிபட்டதற்குப் பிறகு அந்தத் தராசின்முன் அவன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அக்டோபருக்கு முந்தைய சேவ் கோப்பை எடுத்தோம், குறி இல்லாதது, 31 டன்ஜியனில் நிற்பது. மோட் வைத்து முடித்ததெல்லாம் கணக்கில் இல்லை. மறுபடி 19. அதில் முன்னே முடித்தவையே நிறைய, வழி தெரியும் என்பதால் வேகமாகப் போனது. ஐம்பதாவதாக எம்பர்ஷார்ட் சுரங்கத்தை வைத்துக்கொண்டான். கேமின் தொடக்கத்திலேயே ரிவர்வுட் ஊருக்குப் போகும் வழியில் இருப்பது, எல்லோரும் முதலில் முடிப்பது, இவன் எப்படியோ தாண்டிப் போயிருந்தான். கொள்ளையர்களின் தலைவன்மேல் இரண்டாவது அம்பு பட்டது. முதலில் சொன்னேனே, அந்தக் கட்டம் மேலே வந்தது.

பெடலுக்குள் இருக்கும் ப்ரோகிராமும் மோடுக்குள் இருந்த ப்ரோகிராமும் செய்வது அட்சரம் பிசகாமல் ஒரே வேலை. தட்டினால் பிடி, தட்டினால் விடு. ஒன்று டேட்டா ஃபோல்டரில் இருந்தது, இன்னொன்று வேப்பம்பலகைக்குக் கீழே இருக்கிறது. ஒன்றுக்குத் தடை, இன்னொன்றுக்குப் பாராட்டு. என் கடையில் சாலிடரும் செத்த மைக்ரோவேவும் இருந்ததால் தம்பிக்குக் கிடைத்தது. அண்ணன் ரிப்பேர்க்காரனாக இல்லாத ஒருவனுக்கு இறக்கிப் போடக்கூடிய ஒரு சின்னக் கோப்புதான் வழி. அவனுக்கு அந்த வழியை அடைப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஸ்கைரிம் தனியாள் கேம். அதில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. பலர் சேர்ந்து போட்டி போடும் கேமில், தரவரிசை இருக்கும் இடத்தில், மோடைத் தடுங்கள், அது சரி.

இதைவிட நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கை அடிபட்ட புதிதில் தம்பி விளையாடியது 2018-ல் வந்த செலஸ்ட். அதில் ‘அசிஸ்ட் மோட்’ என்று ஓர் உதவி நிலை கேமுக்குள்ளேயே உண்டு. வேகத்தை 70 சதவீதமாகக் குறைத்து வைத்து ஏறினான். அச்சீவ்மென்ட் ஒன்றும் நிற்கவில்லை. நான் விளையாடும் ஃபாக்டோரியோவில் மோட் போட்டால் ஸ்டீமுக்குப் போகாது, ஆனால் கேமுக்குள் மோட் போட்டவர்களுக்கென்று தனியாகக் கணக்கு வைக்கிறது. செய்ததை இல்லையென்று சொல்வதில்லை, அந்த மட்டும் மரியாதை. கடைக்கு வரும் காலேஜ் பையன் ஒருவன் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 பைத்தியம். அதில் கேமின் விதிகளைத் தொடும் கோப்புகளை வைத்து ஒரு செக்சம் எண் போடுகிறார்கள். எழுத்துரு, படம் மாற்றும் மோட்களால் அந்த எண் மாறாது, அச்சீவ்மென்ட் வரும். விதியைத் தொட்டால் மாறும், வராது. எதைத் தொட்டது என்று பார்த்துவிட்டுப் பூட்டுகிறார்கள். முழுசாக ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த அளவு பார்ப்பதை என்னால் மதிக்க முடிகிறது. ஸ்கைரிம் செய்த நிறுவனமே 2023-ன் ஸ்டார்ஃபீல்டில் சில மோட்களுக்கு அச்சீவ்மென்டுக்கு ஏற்றது என்று முத்திரை தருகிறது. ஆக, அவர்களாலும் பிரித்துப் பார்க்க முடியும்.

செலவுக் கணக்கு: போர்டு இரண்டு, 1,280. எபாக்சி 90. வயர், டை, திருகு 75. ஸ்பிரிங்குகளுக்கு, தோற்றதையும் சேர்த்து, 60. கால் வழுக்காமல் இருக்க மேலே ஒட்டிய சைக்கிள் டியூப் ரப்பரும் மைக்ரோ ஸ்விட்சும் பலகையும் கடையிலும் வீட்டிலும் கிடந்தவை. மொத்தம் 1,505 ரூபாய். முதல் போர்டு உடையாமல் இருந்திருந்தால் 865-ல் முடிந்திருக்கும்.

மறுபடி செய்தால் இதையெல்லாம் மாற்றுவேன். சி டைப் வாய் உள்ள போர்டு வாங்குவேன், அதன் கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் சாலிடர் ஆகிறதா என்று படத்தில் பார்த்துவிட்டு. நாண் பிடித்திருக்கிறதா விட்டிருக்கிறதா என்று தெரிய ஒரு எல்இடி வேண்டும். இப்போது மெனுவுக்குள் போய்விட்டு வந்தால் பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்று தம்பிக்குக் குழப்பம் வருகிறது. மோடில் மெனு திறந்திருந்தால் சும்மா இரு என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தது. பெடலுக்கு கேமுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மோட்தான் நல்ல கருவி, அதை மறைக்க விரும்பவில்லை. இப்போதைக்கு இருபது நொடிக்கு மேல் பிடித்திருந்தால் பெடல் தானாக விட்டுவிடும்படி வைத்திருக்கிறேன்.

முக்கியமாக, எந்த மோட் போடுவதற்கு முன்பும் சேவ் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வைப்பேன். 31 டன்ஜியனில் நின்ற அந்த சேவ் பிழைத்தது தற்செயல், ஒரு மாதத்துக்கு முன் டிஸ்க் இடம் போதாமல் பழைய சேவ்களை அழிக்க உட்கார்ந்து, கரண்ட் போனதால் பாதியில் விட்டிருந்தேன்.

இரண்டாவது பெடல் மேஜைமேல் இருக்கிறது. ஸ்கைரிமில் ஓட வேண்டுமானால் ஆல்ட் கீயைப் பிடித்தே இருக்க வேண்டும், அதற்காக இது. இடது காலுக்கு என்பதால் சாய்வைப் பத்து டிகிரியாகக் குறைத்திருக்கிறேன். ரப்பர் ஒட்டியாயிற்று, பசை காய நாளை காலை ஆகும். தம்பி தராசைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.